ஞாயிற்றுக்கிழமைச் சாம்பிராணி

1

சாம்பிராணியில் இருந்து தொடங்குகிறேன். இது சீஸைப் பற்றிய கதைதான். ஆனால் எங்கள் வீட்டில் சீஸுக்கு முன்னால் என் மூக்குக்கு எட்டியது சாம்பிராணி.

சுவிஸ் நாட்டில், சோலோதுர்ன் நகரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலையை நானாகவே கேட்டு வாங்கினேன். கூட வேலை செய்தவர்கள் ஞாயிறென்றால் மூக்கால் அழுவார்கள். எனக்குப் பிரச்சினை இல்லை, மனுசன் வீட்டில் நிற்பார், பிள்ளைகளைப் பார்ப்பார். மத்தியானம் போனால், இல்லத்துக் கிழவர் கிழவிகளின் இராச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் அடுக்கிவிட்டுப் பொழுதுபட்ட பிறகுதான் திரும்புவேன்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அடிப்பவை இரண்டு. ஒன்று குளிர், தை மாதத்துப் பனியிலும் சமைக்கிற குசினியின் யன்னல் ஆவென்று திறந்து கிடக்கும். மற்றது சாம்பிராணிப் புகை. என் மனுசன் சிவபாலன் நெற்றி நிறையத் திருநீற்றோடு, சுவரில் அடித்த சுவாமித் தட்டுக்கு முன்னால் நிற்பார். மூத்தவள் துவாரகாவும் இளையவன் கபிலனும் கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் இருப்பார்கள். அவ்வளவு அடக்கமான பிள்ளைகளை நான் வேறு நாட்களில் கண்டதில்லை.

"என்னப்பா, இண்டைக்கும் பூசையோ?" என்று கேட்பேன்.

"ஓம். ஞாயிறெல்லோ, சூரிய பகவான்ர நாள்" என்பார்.

நான் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, கோயிலில் நாலு பெண்களைக் கூட்டி வைத்துப் பெருமையும் அடித்தேன். "இஞ்ச வந்த ஆம்பிளையள் எல்லாம் பியரும் கையுமாத் திரியுதுகள். என்ர மனுசன் ஞாயிறெண்டால் சாம்பிராணியும் கையுமா நிக்குது" என்றேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடியுங்கள். நானும் சிரித்தேன், அழுத பிறகு.

2

போன வருடம் அவர் போய்விட்டார். நெஞ்சு நோகுது என்றார், ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம், திரும்பி நாங்கள் மூன்று பேர்தான் வந்தோம். அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

எட்டுச் செலவு அன்று, முறைப்படி, அவருக்கு விருப்பமான எல்லாவற்றையும் சமைத்துப் படைத்தேன். எட்டாம் நாளில் சைவம் அசைவம் பார்ப்பதில்லை. போனவர் எதை ஆசையாகச் சாப்பிட்டாரோ அதுதான் இலைக்கு வர வேண்டும். நண்டுக் குழம்பு, இறால் பொரியல், கணவாய்க் கறி, மரவள்ளிக் கிழங்கும் கட்டைச் சம்பலும். வாழையிலை ஐஸ் பெட்டியில் இருந்து வந்தது, ஆனால் கறிகள் எல்லாம் என் கை. முப்பது வருடம் சமைத்துப் போட்டவள் நான், எனக்குத் தெரியாத வாயா அது?

படையலுக்கு முன்னால் நின்று துவாரகா தம்பியின் காதில் சுவிஸ் பாஷையில் ஏதோ சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் அந்தப் பாஷைதான். எனக்கு முழுக்க விளங்காது, ஆனால் சமையலறையில் வேலை செய்கிற எனக்குச் சாப்பாட்டுச் சொற்கள் பிடிபடும். அவள் சொன்னதில் சீஸ் இருந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்போடு அழுதாள்.

"என்னடி, செத்த வீட்டில சீஸ்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அம்மா."

கபிலனுக்குப் பொய் வராது. "அப்பாவுக்கு எல்லாத்திலயும் விருப்பமான சாமான் இதுக்குள்ள இல்லை அம்மா. அதைத்தான் அக்கா சொன்னவ."

"அதென்ன சாமான்?"

"வேல்ஸ் பாண்."

பாண், ரொட்டிதான், தெரியும்; வேல்ஸ் பாண் என்றொரு சாப்பாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் வேலை செய்த ஆற்றங்கரை உணவகத்துக்கு ஒரு குளிர்காலம் வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு சமையல்காரன் வந்திருக்கிறான். மிஞ்சிய பாணையும் சீஸ் துண்டுகளையும் வைத்து, பியர் விட்டு, கடுகு விழுது விட்டுக் காய்ச்சி, பாணில் பூசி அடுப்பில் வாட்டி வேலையாட்களுக்குக் கொடுப்பானாம். அவர் அதைப் பழகிக்கொண்டார். ஞாயிறு நான் வேலைக்கு வெளிக்கிட்டதும் வீட்டில் அதுதான் சாப்பாடு. வாரா வாரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து வீட்டை விட்டுப் போகும்வரைக்கும்.

"அப்ப சாம்பிராணி?" என்று கேட்டேன்.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. "மணம் போறதுக்கு" என்றான் கபிலன்.

படத்தில் அவர் திருநீற்றோடு இருந்தார். "அட பாவி மனுசா!" என்று எட்டுச் செலவு வீட்டில், வந்த சனத்துக்கு முன்னால், கத்தினேன். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும், அது பிறவிக் குணம்.

சீஸ் எங்கள் வீட்டுக்குள் ஏன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலம், அகதிகள் விடுதியில், வயிற்றில் துவாரகா. உருக்கிய சீஸை ஒரு தட்டில் ஊற்றித் தந்தார்கள். அந்த மணத்துக்கு நான் எடுத்த சத்தி, அப்படியொரு வாந்தி, குடல் வெளியே வருகிற மாதிரி. அன்றைக்குச் சொன்னேன், என் வீட்டுக்குள் இந்தச் சாமான் காலடி வைக்கக்கூடாது என்று. சொன்னால் சொன்னதுதான்.

"நீங்கள் ஏசுவீங்கள் எண்டு இல்லை அம்மா" என்றாள் துவாரகா. "வேலை செய்து களைச்சு வாற மனுசி, மணம் பட்டால் சத்தி எடுக்கும், பாவம் எண்டு அப்பா சொல்லுவார். கபிலன் யன்னல், நான் சட்டி கழுவிறது, அப்பா சாம்பிராணி. அதுதான் எங்கட வேலை."

எனக்குப் பயந்து மறைத்திருந்தால் படத்தோடாவது சண்டை பிடிக்கலாம். என்னில் இரக்கப்பட்டு மறைத்ததை என்ன செய்வது?

3

சிற்றிசனுக்கு, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு, எழுதிப் போட்ட காலம் நினைவுக்கு வருகிறது. நகரசபையில் நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கன்ரோன் என்கிற மாநிலங்கள் எத்தனை, ஏரி எது, குப்பையை எந்தப் பையில் போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "வீட்டில் சுவிஸ் சாப்பாடு ஏதும் சமைப்பீர்களா?" என்று கேட்டார்.

என் ஜெர்மன் வேலைத்தலத்து ஜெர்மன். 'தட்டைத் தா', 'சூடு கவனம்' வரை ஓடும். நேர்முகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் மனுசன் பக்கத்தில் இருந்து மெல்லமாக, "ஞாயிற்றுக்கிழமை சீஸ் சாப்பிடுறம் எண்டு சொல்லன்" என்றார்.

சொன்னேன். "ஞாயிறு. எப்பவும். சீஸ். நிறைய."

"பிடிக்குமா?"

"மிக மிக" என்றேன். என் முகம் எப்படிப் போனதோ தெரியாது, அந்த அம்மாவுக்கு நல்ல சந்தோசம். இவருக்கு இருமல் வந்து தண்ணீர் கேட்டார்.

வெளியே வந்ததும் பிடித்தேன். "வெள்ளைக்காரிக்கு முன்னால என்னைக் கொண்டு பச்சைப் பொய் சொல்ல வைச்சிட்டீங்கள். பாஸ்போட் கிடைச்சாலும் பாவம் பாவம்தான்."

ஆற்றுப் பாலத்தில் நின்று அவர் சிரித்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. "பொய்யில்லையப்பா, நீ சொன்னதெல்லாம் உண்மை" என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு அவர் சொல்லத்தான் வந்திருக்கிறார். "என்ன உண்மை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பாலத்திலேயே எல்லாம் வெளியே வந்திருக்கும். நானோ, குப்பைப் பையின் நிறத்தை அவர் பிழையாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வீடுவரைக்கும் ஏசிக்கொண்டு வந்தேன். என் வாய்க்கு முன்னால் ஒரு மனுசன் எதைத்தான் சொல்ல முடியும்?

4

அவர் இருக்கும்வரை பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள். துவாரகா அட்லிஸ்வில் என்கிற ஊரில் இருக்கிறாள், கபிலனுக்குக் கூர் நகரத்தில் ஆசுபத்திரி வேலை. இவர் இரண்டு பேருக்கும் போன் எடுத்து ஏதாவது சொல்லிச் சிரித்து வரவழைத்துவிடுவார். அவர் போனபிறகு வருகை குறைந்தது. போனில், "சாப்பிட்டீங்களோ அம்மா?", "ஓம்", "குளிரோ?", "ஓம்", "சரி அம்மா, வைக்கட்டோ?" அவ்வளவுதான். பாசம் இல்லாமல் இல்லை. எங்களுக்குள் கதை இல்லை. அவர்களுக்குக் கதை ஓடியது அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில், அந்த மேசையில் எனக்குக் கதிரை இருக்கவில்லை. அவரும் போய்விட்டார், இனி அந்த மேசையே இல்லாமல் போய்விடும் என்பதுதான் என் பயம்.

ஒரு வருடம் முடிய, ஆட்டைத் திவசத்தை ஐயர் கோயிலில் நன்றாகச் செய்து முடித்தார். பிள்ளைகள் இரண்டும் வந்தன, ஒரு கண் ரயில் நேரத்தில். போக வெளிக்கிடும்போது மறித்துச் சொன்னேன்.

"வாற ஞாயிறு வீட்ட வாங்கோ. வேல்ஸ் பாண் சுடப் போறன்."

"அம்மா, நீங்கள் அதெல்லாம்..." என்று துவாரகா தொடங்கினாள். "உங்களுக்கு அந்த மணம்..."

"வரச் சொன்னால் வா."

பக்கத்தில் நின்ற மச்சாளுக்கு, இவருடைய தமக்கைக்கு, காது கூர்மை. "எடி வதனி, அதுக்குள்ள பியரெல்லோ விடுறது? அதையோ என்ர தம்பிக்குப் படைக்கப் போறாய்?"

"திவசம் ஐயர் செய்திட்டார் மச்சாள். இது நான் செய்யிறது. பியரைப் பற்றி உங்கட தம்பியைத்தான் கேக்க வேணும். பாதி சட்டிக்கு, பாதி அவற்ற வயித்துக்காம்."

"சிவ சிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செய்முறை கேட்டுத் துவாரகாவுக்குப் போன் எடுத்தேன். வெண்ணெயில் மாவை வறுத்து, பியர் விட்டு, பிறகு சீஸ் என்றாள். கபிலன், மாவே இல்லை, முட்டை மஞ்சட்கரு என்றான். அவள் கறுத்தப் பாண் என்றாள். அவன், இல்லை, இந்த நாட்டில் ஞாயிறு காலையில் எல்லா வீட்டிலும் வெட்டுகிற பின்னல் பாணில் மிஞ்சியது என்றான். ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதுகள், இரண்டும் இரண்டு கதை. "அக்காவுக்கு விசர், நான் கதைச்சுப் பாக்கிறன்" என்று போனை வைத்தான். பிறகு அவள் எடுத்து, "தம்பி சொல்றது பிழை அம்மா" என்றாள். எனக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

கடையில் சீஸ் வெட்டுகிற பெண்ணிடம் போய், என் ஜெர்மனில், மணக்காத சீஸ் வேண்டும் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் வெண்ணெய் வாங்குங்கள்" என்றாள். நல்லவள், நாலைந்து துண்டு வெட்டி ருசி பார்க்கத் தந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கையில் வைத்திருந்தேன். கடைசியில் அவளே பார்த்து ஒரு மஞ்சட் கட்டியைச் சுற்றித் தந்தாள்.

புதன்கிழமை ஒரு தடவை செய்து பார்த்தேன், மூக்கைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு. சட்டியில் பியர் கொதிக்கக் கொதிக்கச் சீஸைக் கொட்டினேன். அது இறப்பர் மாதிரித் திரண்டு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். அடி பிடித்த சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மண்டையில் தட்டியது. தேங்காயின் முதற்பாலை விட்டபிறகு குழம்பைக் கொதிக்க விடுவோமா? திரைந்து போகுமே. இதுவும் அப்படித்தான். அடுத்த முறை மாவை வெண்ணெயில் மணம் வர வறுத்து, பியரை விட்டுக் கரைத்து, அடுப்பை நன்றாகத் தணித்து, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டினேன். கடுகு விழுது ஒரு கரண்டி, கொஞ்சம் மிளகாய்த்தூள். களி மாதிரி, பளபளவென்று வந்தது. வாட்டிய பாணில் பூசி ஓவனின் மேற்சூட்டில் வைத்தேன். மேலே பொங்கி, அங்கங்கே கருகிப் புள்ளி விழுந்தது.

துவாயை அவிழ்த்தேன். ஒரு கடி கடித்தேன். சத்தி வரும் என்று கழுவுதொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

வரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ருசி. நின்றபடியே முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்தேன். பிறகு கதிரையில் இருந்து ஒப்பாரி வைத்தேன். சத்தி வந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். வயிற்றில் பிள்ளையோடு வந்த ஒரு நாள் குமட்டலை வீட்டுச் சட்டமாக்கி வைத்திருக்கிறேனே. இடையில் ஒரு தடவை வாயில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரேயொரு தடவை.

5

ஞாயிறு இரண்டு பேரும் ஒரே ரயிலில் வந்தார்கள். விளக்கேற்றி, படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சுடச்சுட இரண்டு துண்டு வைத்தேன். மிஞ்சிய பியரை ஒரு கிளாசில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். கும்பிட்டோம். பிறகு மேசையில் இருந்தோம்.

இரண்டும் ஒரு கடி கடித்து மெல்ல மென்றன.

"நல்லா இருக்கு அம்மா" என்றாள் துவாரகா. அயலட்டைச் சுவிஸ்காரிக்குச் சொல்வது போல, மரியாதையாக.

"உண்மையைச் சொல்லுங்கோ."

"எல்லாம் சரி" என்றான் கபிலன். "ஆனால் என்னவோ ஒண்டு குறையுது. ஒரு புளிப்பு. அப்பா கடைசியில ஒரு கறுத்தத் தண்ணி விடுவார், அக்கா, ஞாபகம் இருக்கோ?"

"ஓம், சின்னக் கிண்ணத்தில."

"சோஸ் போத்திலோ?" என்று கேட்டேன். கம்பியூட்டரில் பார்த்த செய்முறையிலும் கறுத்த இங்கிலீஷ் சோஸ் ஒன்று இருந்தது; நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"போத்தில் இல்லை. போத்தில் அலுமாரியில இருந்தால் அம்மா கண்டிடுவா எண்டு அப்பா வாங்கேல்லை. வேற என்னத்தையோ கரைச்சு வைச்சிருப்பார்."

சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பழப்புளி எப்போதும் கணக்குக்கு முந்தி முடிந்துவிடும். நிறை குறைத்து விற்கிறீர்கள் என்று தமிழ்க் கடைக்காரரோடு நான் ஒரு நாள் வாய்த்தர்க்கம் வேறு பட்டிருக்கிறேன், பாவம் அந்த மனிதர்.

எழும்பிப் போய்ப் புளிப் போத்திலைத் திறந்தேன். கொஞ்சத்தைச் சுடுநீரில் கெட்டியாகக் கரைத்து, மிளகு தட்டிப் போட்டு, மிச்சமிருந்த கலவையில் விட்டுக் கிண்டி, புதுப் பாணில் பூசி வாட்டிக் கொண்டுவந்து வைத்தேன்.

கபிலன் கடித்தான். "கெனாவ்" என்றான், இதேதான் என்கிற மாதிரி. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். துவாரகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அந்த இங்கிலீஷ் சோசுக்குள்ளயும் புளி இருக்காம் அம்மா" என்றாள்.

வாரா வாரம் என் புளிப் போத்திலைத் திறந்துதானே அவர் அதைச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதில் ஒரு ஆறுதல் இருந்தது, ஆனால் அதை வைத்து அவரைக் கேலி பண்ண அவர் இல்லை. கள்ளா, பிடிச்சிட்டன் பார் என்று சொல்ல வேண்டியது அவரிடம்தானே.

அதற்குப் பிறகு கதை வந்தது. அப்பா பாடின பாட்டு, ஒரு நாள் சட்டி தீப்பிடித்தது, நான் நேரத்துக்கு முந்தி வந்து மணியடித்த அன்று மூன்று பேரும் பட்ட பாடு. பாதி தமிழ், பாதி சுவிஸ். விளங்காத இடத்தில் "என்ன, என்ன?" என்று கேட்டேன், திருப்பிச் சொன்னார்கள். வெளியே இருட்டத் தொடங்கியது.

தட்டுகள் வெறுமையானதும் துவாரகா எழும்பிச் சட்டிக்குச் சுடுநீர் திறந்தாள். கபிலன் எழும்பினான். கதைத்துக்கொண்டே போய் குசினி யன்னலை ஆவென்று திறந்தான். அங்கிருந்து சுவாமித் தட்டுக்குப் போய்ச் சாம்பிராணிப் பெட்டியை எடுத்தான், இனி அது அவன் வேலைதானே. ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கால்களும் கைகளும் தன்பாட்டில் வேலை செய்தன. குளிர் உள்ளே வந்து என் முகத்தில் பட்டது.

பிறகுதான் இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன. பெட்டி கபிலனின் கையில். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எதிரே அவருடைய கதிரை காலியாக இருந்தது. படத்துக்கு முன்னால் அந்த இரண்டு துண்டும் ஆறிப்போய்க் கிடந்தன.

"யன்னலைப் பூட்டு தம்பி" என்றேன். "நான் உள்ளுக்குத்தானே இருக்கிறன்."